தாத்தாவின் பட்டாளப் படம்: தூண்களை விடுங்கள், ரிப்பனைப் பாருங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி:

"என் அம்மாவின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் இரண்டு படங்கள் கிடைத்தன, ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். முதல் படத்தில் தாத்தா மட்டும் நிற்கிறார். காக்கிச் சட்டை, அரை நிஜார், முழங்கால் வரை ஸ்டாக்கிங்ஸ், பூட்ஸ். பின்னால் பெரிய தூண்களும் படிக்கட்டும். புஜத்தில் இரண்டு பட்டை, தோளில் வளைவாக ஏதோ உலோக எழுத்து, 'ஆர்.ஐ.' வரைக்கும் படிக்க முடிகிறது, மீதி மங்கல். நெஞ்சில் ஒரே ஒரு ரிப்பன். இரண்டாவது சின்னப் படம். மூன்று பேர் ஒரு லாரி முன்னால் நிற்கிறார்கள், பின்னால் மரங்கள், லாரியின் மட்கார்டில் ஒரு கறுப்புச் சதுரம். பெரிய மாமா, தாத்தா பர்மாவில் கேப்டனாக இருந்தார் என்றும் அந்தத் தூண்கள் மாண்டலே அரண்மனை என்றும் அடித்துச் சொல்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடம் எது, யூனிஃபார்ம் எது, எப்படிக் கண்டுபிடிப்பது?"

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். உங்கள் தாத்தா இந்தப் படத்தில் கேப்டன் இல்லை, நாயக், அதாவது சிப்பாய்க்கு இரண்டு படி மேலே. அந்தத் தூண்கள் மாண்டலே இல்லை, வேறு எந்த ஊரும் இல்லை, துணியில் வரைந்த ஸ்டூடியோ திரை. அவர் இருந்தது பெரும்பாலும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது படைக்கு ரேஷனும் பெட்ரோலும் மற்ற சாமான்களும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு. பர்மா விஷயத்தில் மட்டும் மாமாவோடு இப்போதே சண்டைக்குப் போக வேண்டாம். நெஞ்சில் இருக்கும் ரிப்பன் ஆப்பிரிக்கா என்கிறது, ஆனால் ஆப்பிரிக்கா போனவர்களில் பிற்பாடு பர்மாவுக்கும் போனவர்கள் உண்டு, அதற்கான துப்பு அந்த லாரியின் மட்கார்டில் இருக்கிறது.

பட்டாளப் படம் கையில் கிடைத்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், அடுத்து பின்னணி, யூனிஃபார்ம் கடைசியில். நான் அப்படியே தலைகீழாகப் போவேன். உலோகத்தில் இருப்பது முதலில், சட்டையில் தைத்திருப்பது அடுத்து, உடுப்பு அதற்கப்புறம், பின்னணி எல்லாவற்றுக்கும் கடைசி. பட்டை, ரிப்பன், தோள் எழுத்து எல்லாம் அந்த ஆளுக்கென்று கொடுத்தவை, தகுதியில்லாமல் மாட்டிக்கொண்டு திரிந்தால் மேலதிகாரி சும்மா விட மாட்டார். சட்டையும் நிஜாரும் லட்சம் பேருக்கு ஒரே மாதிரி. பின்னணி ஸ்டூடியோக்காரரின் சொத்து. வீட்டில் சொல்லும் கதையை நான் ஒதுக்குவதில்லை, ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்க ஆரம்பித்தால் படத்தில் அந்தக் கதை மட்டும்தான் தெரியும். மாமாவுக்கு நடந்தது அதுதான்.

பட்டைக்கு வருவோம், இது சுலபம். புஜத்தில் கூர் கீழே பார்க்கும்படி தைத்த பட்டை ஒன்று இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். கேப்டனுக்குப் புஜத்தில் ஒன்றும் இருக்காது, தோள்பட்டையில் மூன்று நட்சத்திரம் இருக்கும். நடுவில் இன்னொரு வகுப்பு உண்டு, அங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஜமேதாருக்குத் தோளில் ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு. படத்தில் நட்சத்திரத்தைப் பார்த்ததும் லெஃப்டினென்ட் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள், ஆனால் ஜமேதார், சுபேதார்களுக்கு நட்சத்திரத்தோடு தோளில் குறுக்காக ஒரு வண்ண நாடாவும் இருக்கும், அதைத் தேட வேண்டும். (ஜமேதார் என்ற பதவிதான் 1965-இல் நாயப் சுபேதார் ஆனது.) உங்கள் தாத்தா பிற்பாடு மேலே போனாரா என்பதை இந்தப் படம் சொல்லாது. ஆனால் நாயக்காக இருந்த ஒருவர் இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் கேப்டன் ஆவது மிக அபூர்வம். கிராமத்தில் 'மிலிட்டரிக்காரர்' எல்லோரும் இரண்டு தலைமுறை தாண்டினால் கேப்டன் ஆகிவிடுகிறார்கள், இதற்காக மாமாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது ரிப்பன், அதாவது மெடலுக்குப் பதிலாக நெஞ்சில் மாட்டுகிற வண்ண நாடா. உங்கள் ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது இது: வெளிறிய அடிநிறம், நடுவில் அகலமான கருத்த பட்டை, அதற்கு ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கருப்புக் கோடு. இந்த ஒரு பக்கக் கோடுதான் எல்லாம். இரண்டாம் உலகப் போர் ரிப்பன்களில் பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பர்மா ஸ்டார் (ஸ்டார் என்பது போர்ச் சேவைக்குக் கொடுத்த நட்சத்திர வடிவ மெடல்) நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு, இடமும் வலமும் ஒன்றுதான். இத்தாலி ஸ்டார் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. டிஃபென்ஸ் மெடலும் அப்படித்தான், இரு பக்கமும் சமம். சமமில்லாதவை கொஞ்சம்தான். அதில் 1939-45 ஸ்டாருக்குக் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என்று மூன்று சம அகலப் பட்டைகள், வெளிறிய அடிநிறமே கிடையாது. ஆப்பிரிக்கா ஸ்டாருக்கு மணல் நிற அடி, நடுவில் அகலச் சிவப்பு, ஒரு பக்கம் மெல்லிய கருநீலம், மறு பக்கம் மெல்லிய வெளிர்நீலம். கருப்பு வெள்ளைப் படத்தில் அந்த வெளிர்நீலம் மணல் நிறத்தோடு கலந்து காணாமல் போய்விடும், கருநீலம் மட்டும் கோடாக நிற்கும். உங்கள் தாத்தாவின் நெஞ்சில் இருப்பது அதுதான்.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். பழைய ஃபிலிம் நிறங்களை நம் கண் மாதிரி பார்க்காது. ஆர்த்தோ என்ற பழைய வகை ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது, அதனால்தான் அதைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவ முடிந்தது. அதில் எடுத்தால் சிவப்பு கருப்பாக விழும், நீலம் வெளுத்துப் போகும், ரிப்பன் தலைகீழாகத் தெரியும். பிற்பாடு வந்த பான்குரோ ஃபிலிமில் சிவப்பு ஓரளவு சாம்பலாக விழும். எந்த ஃபிலிம் என்று தெரிந்துகொள்ள உதட்டைப் பாருங்கள். ஆர்த்தோவில் உதடு மை பூசியது போல் கறுத்துவிடும், வீட்டுப் பெண்களின் படமாக இருந்தால் குங்குமப் பொட்டு கரிப்பொட்டாகத் தெரியும். தாத்தாவின் உதடு சாதாரணமாக இருக்கிறது, அதனால்தான் மெல்லிய கோட்டைக் கருநீலம் என்று துணிந்து சொல்கிறேன். ஆர்த்தோவாக இருந்திருந்தால் அந்தக் கோடு அநேகமாக மறைந்திருக்கும்.

இன்னொன்றையும் சரிபார்த்தேன், படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அடித்த பிரதிகள் நிறைய உலவுகின்றன, ஸ்கேன் செய்யும்போதும் இந்தத் தப்பு நடக்கும். ரிப்பன் அவருடைய இடது நெஞ்சில் இருக்க வேண்டும், அதாவது நமக்கு வலது பக்கம். சட்டையின் பொத்தான் போடும் ஓரம் அவருடைய இடது பக்கத்திலிருந்து வந்து மேலே படிய வேண்டும். ஆப்பிரிக்கா ஸ்டாரில் கருநீலக் கோடு பொத்தான் பக்கம் இருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருக்கின்றன. துப்பாக்கியோடு எடுத்த படம் என்றால் இன்னும் எளிது, போல்ட்டின் கைப்பிடி துப்பாக்கியின் வலது பக்கம்தான் இருக்கும்.

சரி, ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் என்ன கிடைத்தது? 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரைக்குள் வட ஆப்பிரிக்காவிலோ, அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா), எரித்ரியா, சூடான், சோமாலிலாந்து பக்கமோ சேவை செய்தவர்களுக்கு அது உண்டு. அந்த விருதை அறிவித்தது 1943 ஜூலையில். ஆகவே படம் அதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கவே முடியாது. இது அசைக்க முடியாத எல்லை. மேல் எல்லை அவ்வளவு கறாரானது இல்லை. பர்மா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் 1945 மே மாதம்தான் அறிவிக்கப்பட்டன, போர் மெடல் அதற்கும் அப்புறம். போர் முழுக்க இருந்த ஒரு நாயக் 1946-இல் ஸ்டூடியோவுக்குப் போயிருந்தால் நெஞ்சில் மூன்று நான்கு ரிப்பன்கள் வரிசையாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்று இருப்பதால் 1943-இன் பின்பாதிக்கும் 1945-இன் நடுப்பகுதிக்கும் இடையில் என்பது என் கணிப்பு. ஆனால் விருது அறிவித்த அன்றே ரிப்பன் கைக்கு வந்துவிடாது, இருக்கும் ரிப்பனை மாட்டாமலே படம் எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள், அதனால் இந்த மேல் எல்லையை மட்டும் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வேலை உங்களுக்கு: அசல் படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ரிப்பனின் நடுவில் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது அழுக்காக இல்லாமல் '8' அல்லது '1' என்ற சின்ன உலோக எண்ணாக இருக்கலாம். எட்டு என்றால் எட்டாவது ஆர்மி, எல் அலமைன் தொடங்கி டூனிஸ் வரை போனவர்கள். ஒன்று என்றால் டுனீசியாவில் சண்டையிட்ட முதல் ஆர்மி. உங்கள் ஸ்கேனில் அந்த இடம் வெளிச்சம் பட்டு எரிந்துபோயிருக்கிறது.

தோள் எழுத்துக்கு இப்போது இந்தத் தேதி கைகொடுக்கிறது. 'ஆர்.ஐ.' என்று தொடங்கும் பிரிவுகள் மூன்று நான்கு இருந்தன, எல்லாவற்றிலும் அந்த 'ஆர்' ராயல்தான். ஆனால் ராயல் பட்டம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கிடைக்கவில்லை. இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோருக்கு 1935-லேயே வந்துவிட்டது. பீரங்கிப் படைக்கு 1945-இல், இன்ஜினியர்களுக்கு 1946-இல். 1943-க்கும் 1945-க்கும் நடுவில் எடுத்த தரைப்படைப் படத்தில் 'ஆர்.ஐ.' என்றால் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்பதுதான் மிகப் பொருத்தம். உலோக எழுத்தின் நீளத்தையும் பாருங்கள். தோள்பட்டையின் அகலம் முழுவதையும் அது அடைத்துக்கொண்டு வளைகிறது, ஐந்து எழுத்துக்கு இடம் இருக்கிறது. மூன்றெழுத்துத் தலைப்பாக இருந்தால் இவ்வளவு நீளாது. பிறகு லாரியும் இருக்கிறதே. சர்வீஸ் கோர் ஆட்களுக்கு லாரிதான் வாழ்க்கை. தமிழ் நாட்டிலிருந்து போனவர்களில் கையில் துப்பாக்கியோடு முன்னணியில் நின்றவர்களை மட்டும் நினைக்கிறோம். சாப்பர்கள் (பாலமும் பாதையும் போடுகிற இன்ஜினியர் படை), டிரைவர்கள், மெக்கானிக்குகள், பயனீர்கள் (மண்வெட்டி வேலைக்கான படை), கிளார்க்குகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று போனவர்கள் ஏராளம், வட ஆற்காடு ஜில்லாவில் பல கிராமங்களில் தெருவுக்குத் தெரு இந்தக் கதை இருக்கும்.

தூண்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. படத்தின் கீழ்ப்பகுதியில், தாத்தாவின் பூட்ஸுக்கு ஒரு சாண் பின்னால், தரை விரிப்பும் திரையும் சேரும் இடத்தில் ஒரு நெளிந்த கோடு ஓடுகிறது பாருங்கள். படிக்கட்டு அந்தக் கோட்டில் வந்து திடீரென்று நின்றுவிடுகிறது. தூணின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, தாத்தாவின் நிழல் எதிர்ப் பக்கம் விழுகிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அதோடு மாண்டலே அரண்மனை தேக்கு மரத்தால் கட்டியது, 1945 மார்ச் சண்டையில் எரிந்தும் போனது, கல் தூணும் பளிங்குப் படியும் அங்கே கிடையாது. இந்த மாதிரித் தூண், மாடம், பூந்தொட்டி, ஏரி, நிலா எல்லாம் அன்றைய ஸ்டூடியோக்களில் சர்வசாதாரணம், பெங்களூரிலும் இருக்கும், பாக்தாத்திலும் இருக்கும்.

ஸ்டூடியோ எந்த ஊரில் இருந்தது என்பதற்குப் படத்தின் பின்பக்கம்தான் துணை. பின்பக்கம் காலி என்று கைவிட்டுவிடாதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், முன்பக்கமும் பின்பக்கமும். ஸ்டூடியோ பெயரை மை இல்லாமல் அழுத்தி எழுப்பிய முத்திரை மூலையில் இருந்தால் அந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும், மழுங்கிப்போன ரப்பர் ஸ்டாம்பும் சில சமயம் பிடிபடும். பின்னால் அஞ்சலட்டை மாதிரி கோடு போட்டிருந்தால் எந்த மொழியில் அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பிரெஞ்சில் 'கார்த் போஸ்தால்' என்று இருந்தால் எகிப்து, லெபனான், சிரியா பக்கத்தை நினைக்கலாம், அங்கெல்லாம் பிரெஞ்சுக் காகிதம் தாராளமாகப் புழங்கியது. ஆங்கிலத்தில் இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

அரை நிஜாரைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மா போர்முனைக்குப் போனவர்களுக்கு 1943-க்குப் பிறகு மெல்ல மெல்லக் காட்டுப் பச்சை உடுப்பு வந்தது, முழு நிஜார், முழுக்கை. மலேரியா அங்கே ஜப்பான்காரனைவிடப் பெரிய எதிரி, பொழுது சாய்ந்தால் கைகால் மூடியிருக்க வேண்டும் என்பது உத்தரவு. காக்கி அரை நிஜாரும் ஸ்டாக்கிங்ஸும் பாலைவனத்துக்கும் இந்தியாவில் இருந்த கன்டோன்மென்ட்டுகளுக்கும் உரியவை. ஆனால் இதை வைத்து மட்டும் பர்மா இல்லை என்று சொல்லிவிட முடியாது, லீவில் ஊருக்கு வந்தவர் காக்கியில் போய்ப் படம் எடுத்திருக்கலாம். உடுப்பை மூன்றாவது இடத்தில் வைத்தது இதனால்தான்.

எனக்கு அதிகம் பிடித்தது இரண்டாவது படம். ஸ்டூடியோக்காரர் யாரும் கலந்துகொள்ளாத படம், யாரோ ஒரு சகா சின்ன கேமராவில் எடுத்திருக்கிறார்.

லாரியைப் பாருங்கள். மூக்கே இல்லாத முகம், பானெட் குட்டையாகச் சப்பையாக இருக்கிறது, முன் கண்ணாடி மேல் விளிம்பு முன்னால் தள்ளி, கீழ் விளிம்பு உள்வாங்கிச் சாய்ந்திருக்கிறது. கனடாவில் ஃபோர்டும் செவ்ரோலெட்டும் செய்து அனுப்பிய ராணுவ லாரி இது, பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் படைகள் எல்லாவற்றுக்கும் போனது. கண்ணாடியை அப்படிச் சாய்த்து வைத்தது வெயில் பட்டு மின்னி மேலே பறக்கிற விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்கு, அந்த வடிவம் வந்தது 1941-இன் கடைசியில். ஆக, படம் 1942 அல்லது அதற்குப் பிறகு. இடத்தை லாரி சொல்லாது, லிபியாவிலும் ஓடியது, இம்பாலிலும் ஓடியது.

மரங்கள் சொல்லும். நீங்கள் பனைமரமா என்று தனியாக ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பனை என்றால் ஓலை விசிறியாக விரியும். இங்கே ஓலை இறகுபோல நீண்டு வளைகிறது. தென்னையா என்றால் அடிமரம் வழவழப்பாக, வளையம் வளையமாக இருக்க வேண்டும், இதில் வெட்டிய மட்டையின் அடிக்கட்டைகள் மரம் முழுக்கச் செதில் செதிலாக நிற்கின்றன. பேரீச்சை. கீழே புல் பூண்டு இல்லாத தரை, டயர் தடம் பொடி மண்ணில் பதிந்திருக்கிறது. எகிப்து, லிபியா, இராக், இந்த மூன்றில் ஒன்று என்று சொல்வேன். (ஒருவேளை அது பனையாகவே இருந்திருந்தாலும் ஊர்ப்பக்கம் என்று முடிவு கட்ட முடியாது, பர்மாவின் நடுப்பகுதி வறண்ட பூமி, அங்கே பனை நம் ஊரைப் போலவே கொட்டிக் கிடக்கிறது.)

கடைசியாக அந்த மட்கார்டு. ராணுவ லாரிகளில் முன்னால் ஒரு பக்கம் டிவிஷன் சின்னம், இன்னொரு பக்கம் யூனிட் எண் எழுதிய சதுரம் என்று தீட்டியிருப்பார்கள். உங்கள் படத்தில் எண் எழுதிய பக்கத்தை ஒரு ஆள் மறைத்துக்கொண்டு நிற்கிறார், பாவம் அவருக்குத் தெரியாது. தெரிகிற பக்கம் கறுப்புச் சதுரம், உள்ளே இருக்கும் உருவம் ஏறக்குறைய கறுப்பிலேயே மூழ்கிவிட்டது. இது நல்ல சகுனம். கறுப்புச் சதுரத்தில் சின்னம் வைத்திருந்த இந்திய டிவிஷன்களில் ஏழாவதுக்குப் பொன் நிற அம்பு, இருபதாவதுக்கு வாள் பிடித்த வெள்ளைக் கை. இரண்டும் பர்மா. அம்போ வெள்ளைக் கையோ இருந்திருந்தால் கறுப்பில் பளிச்சென்று தெரிந்திருக்கும். கறுப்பில் மூழ்கும் நிறம் சிவப்பு. கறுப்பில் சிவப்பு வைத்திருந்தவற்றில் முக்கியமானவை இரண்டு: நான்காவது டிவிஷனின் சிவப்புக் கழுகு, ஐந்தாவது டிவிஷனின் சிவப்பு வட்டம்.

இங்கேதான் மாமாவுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு டிவிஷன்களும் 1941-இல் எரித்ரியாவில் கேரன் மலையில் சண்டை போட்டவை, இரண்டும் பாலைவனத்தில் இருந்தவை. அதற்கப்புறம் வழி பிரிகிறது. நான்காவது டூனிஸ் வரை போய், 1944-இல் இத்தாலியில் கஸீனோவில் மாட்டிக்கொண்டு, பிறகு கிரீஸ் போனது, பர்மா பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஐந்தாவது இராக்குக்குப் போய், அங்கிருந்து இந்தியா திரும்பி, பர்மாவின் மேற்குக் கரையான அரக்கானில் இறங்கியது. 1944 மார்ச்சில் இம்பாலை ஜப்பானியர்கள் நெருங்கியபோது அந்த டிவிஷனைப் பீரங்கி, கோவேறு கழுதை சகிதம் விமானத்தில் தூக்கிக்கொண்டுபோய் அங்கே இறக்கினார்கள், மறு வருஷம் ரங்கூன் நோக்கிப் போன படைகளிலும் அது இருந்தது. ஆகவே உருவம் வட்டமாக இருந்தால் ஆப்பிரிக்கா ரிப்பன், பேரீச்சை, பர்மா கதை மூன்றும் ஒரே ஆளின் வாழ்க்கையில் ஒழுங்காகப் பொருந்திவிடும். இறக்கை தெரிந்தால் மாமாவின் பர்மா ஆட்டம் காண்கிறது, முழுக்க விழாது, ஏனென்றால் சர்வீஸ் கோர் கம்பெனிகளை டிவிஷன் விட்டு டிவிஷன் மாற்றுவது உண்டு, ஆட்களையும் மாற்றுவார்கள். எனக்கு அந்தத் திட்டு உருண்டையாகத்தான் படுகிறது. உங்கள் ஸ்கேன் 200 டி.பி.ஐ., அதில் இதற்கு மேல் தோண்ட முடியாது.

அதனால் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படத்தை 1200 டி.பி.ஐ.-இல், கலர் மோடில், டிஃப் ஃபைலாக. கருப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர் என்று கேட்க வேண்டாம், மஞ்சள் கறையையும் பட விவரத்தையும் பிரித்தெடுக்கக் கலர் ஸ்கேன்தான் உதவும். பிறகு அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டி, நிழல் பகுதியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். தயவுசெய்து படத்தைத் தெளிவாக்கித் தருகிற ஏ.ஐ. ஆப் எதிலும் போட்டுவிடாதீர்கள். அது இருப்பதைத் தெளிவாக்காது, இல்லாததை வரைந்து வைக்கும். மங்கலான பொத்தானுக்கு அழகான பொத்தான், மங்கலான பேட்ஜுக்கு எந்தப் படையிலும் இல்லாத பேட்ஜ். கலர் போட்டுக் கொடுக்கும் ஆப்புகள் ரிப்பனுக்கு இஷ்டத்துக்கு நிறம் பூசும், அதைப் பார்த்து மெடல் கண்டுபிடித்தவர்கள் எனக்கு வாராவாரம் எழுதுகிறார்கள். சுவரில் மாட்ட வேண்டுமென்றால் செய்துகொள்ளுங்கள், ஆராய அசல் மட்டும்தான்.

ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். பின்னால் ஏதாவது எழுதுவதென்றால் மெல்லிய பென்சிலில், ஓரமாக. பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை பள்ளம் போடும்.

இதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுப் படத்தோடு வருபவர்களுக்குச் சில வரிகள். காலில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டி சுற்றி, தலையில் தலைப்பாகை, தொடை வரை தொங்கும் குர்தா மாதிரி காக்கிச் சட்டை என்றால் முதல் உலகப் போர்க் காலத்தை நினையுங்கள். விளிம்பு இல்லாத, நெட்டுக்குத்தாக நிற்கும் விசித்திரத் தொப்பி இருந்தால் பெங்களூரின் மெட்ராஸ் சாப்பர்கள், 'தம்பி' என்று இந்திய ராணுவம் முழுக்கப் பெயர் வாங்கியவர்கள், அந்தத் தொப்பிக்குத் துப்தா என்று பெயர். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று வீட்டில் சொன்னால் காலத்தைக் கவனியுங்கள். பழைய மெட்ராஸ் காலாட்படை 1920-களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மறுபடி எழுப்பப்பட்டது, 1935-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாய் என்ற கதை நிற்காது. பேட்ஜில் கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கம் இருந்தால் 1950-க்குப் பின். மலாயா, சிங்கப்பூர் பக்கம் இருந்த குடும்பம் என்றால் நேதாஜியின் படையாகவும் இருக்கலாம், அங்கே தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர்கள் மிக அதிகம், உடுப்பும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் உடுப்பு மாதிரியேதான் இருக்கும், பேட்ஜைப் பார்க்காமல் பேசாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கே திரும்புகிறேன். படத்திலிருந்து எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டோம், பெயரையும் ஊரையும் கட்டிப்போட இனிக் காகிதமும் உலோகமும் வேண்டும். ட்ரங்குப் பெட்டியை மறுபடி கொட்டிப் பாருங்கள். நட்சத்திர வடிவ மெடல் கிடைத்தால் அதன் பின்பக்கம், வட்ட மெடல் என்றால் நாணயத்தின் விளிம்பு போன்ற அந்த ஓரம், அங்கே பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் இல்லாமல் கொடுத்த மெடல்களை இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள், நமக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் அது. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் வேறு எதுவுமே வேண்டாம், போன ஊரெல்லாம் அதில் இருக்கும்.

இரண்டும் இல்லையென்றால் பாட்டியைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். பாட்டிக்குக் குடும்பப் பென்ஷன் வந்ததா? வந்திருந்தால் பென்ஷன் உத்தரவில் தாத்தாவின் ராணுவ எண்ணும் பதவியும் ரெக்கார்ட் ஆபீஸ் பெயரும் இருக்கும். பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது, பாட்டி அதை வாங்கியிருந்தால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு ஃபைல் இருக்க வேண்டும். எண் கிடைத்ததும் பெங்களூரில் இருக்கும் ஆர்மி சர்வீஸ் கோர் ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள், பழைய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரின் இன்றைய வாரிசு அதுதான். கடிதத்தில் எண், முழுப்பெயர், தாத்தாவுடைய அப்பாவின் பெயர், சேர்ந்த காலத்து ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் அன்றைய பெயரிலேயே இருக்கட்டும். இன்றைய மாவட்டப் பெயரை எழுதினால் பழைய பதிவேட்டில் தேடுபவருக்கு அது கிடைக்காது. நாயக் என்று மட்டும் எழுதுங்கள், கேப்டன் என்று எழுதினால் அதிகாரிகளின் பதிவு வேறு இடம் என்று கடிதம் திரும்பி வந்துவிடும்.

புது ஸ்கேன் எடுத்ததும் அந்த மட்கார்டுப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். லாரி முன்னால் நிற்கும் மற்ற இரண்டு பேரின் பெயர் யாருக்காவது தெரியுமா என்றும் மாமாவிடம் கேட்டு வையுங்கள், ஒரே ஊரிலிருந்து சேர்ந்தே போனவர்களாக இருந்தால் அவர்கள் வீட்டிலும் இதே படம் இருக்கலாம், அதன் பின்பக்கம் எழுதியிருக்கலாம்.